சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி காமிக்ஸ்: எடைக்குப் போடவா, விலை கிடைக்குமா?

சாத்தூரான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊரில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடப் போகிறோம். பரணைக் காலி செய்தபோது சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி ஒன்று இறங்கியது. துணிமணி இருக்கும் என்று திறந்தால் உள்ளே முழுக்க காமிக்ஸ். சித்தப்பா இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். போன் போட்டுச் சொன்னேன். "அதெல்லாம் இன்னுமாடா இருக்கு? நீயே வச்சுக்கோ, எடைக்குப் போட்டாலும் சரி" என்று முடித்துவிட்டார்.

எடைக்காரரும் வந்தார். தராசை எடுத்து வைக்கும்போது அடுத்த தெரு லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "மொத்தமா எட்டாயிரம் தர்றேன், இப்பவே ஆட்டோ வரச் சொல்லட்டுமா?" என்றார். எட்டாயிரம் என்றதும் பெட்டியை மூடிவிட்டேன். எங்கள் ஆச்சியின் பித்தளை அண்டாவுக்குக்கூட இவ்வளவு அவசரமாக யாரும் ஆட்டோ கூப்பிட்டதில்லை.

நான் சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவன், இதில் ஒன்றும் தெரியாது. பெட்டியில் இருப்பது: ராணி காமிக்ஸ் நாற்பதுக்கு மேல். முத்து காமிக்ஸ் பதினொன்று, அதில் இரண்டுக்கு அட்டை இல்லை. லயன் காமிக்ஸ் இருபது இருக்கும், ஒன்று மட்டும் தடியாக, தீபாவளி மலர் என்று போட்டிருக்கிறது. மினி லயன் என்று சின்னதாக மூன்று. திகில் நான்கு. சணல் போட்டுக் கட்டிய பூந்தளிர் ஒரு கட்டு. அம்புலிமாமா ஒரு கட்டு, அதில் சில 1962, 63 வருடத்தவை, தாத்தா வாங்கியதாக இருக்கும். அம்புலிமாமாதான் எல்லாவற்றிலும் பழசு, அதனால் அதற்குத்தான் விலை அதிகம் என்று நினைக்கிறேன். சரியா? எட்டாயிரத்துக்குக் கொடுக்கலாமா?

ஞாயிறு வேட்டை:

நண்பரே, பத்தாயிரம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை மினி லயன் மூன்றையும் வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

நூலகத்து மகள்:

தம்பி, பெட்டியை இன்னும் கொஞ்ச நாள் மூடியே வையுங்கள். மேலே பத்தாயிரம் சொன்னவர் மேல் குறை சொல்ல மாட்டேன், வாங்குகிறவர் அப்படித்தான் கேட்பார். ஆனால் எதை மறைக்கச் சொன்னார் என்று பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

எங்கள் அப்பா திண்டுக்கல்லில் வாடகை நூலகம் வைத்திருந்தார். நாவல்கள் அலமாரியில், காமிக்ஸ் வாசலில் கயிற்றில். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கூட்டம் தெருவை அடைக்கும். கல்லாவில் நான்தான் உட்காருவேன். எது கிழிந்து திரும்பி வரும், எது திரும்பியே வராது என்று எனக்கு அப்போதே தெரியும். பிற்பாடு நானே சேர்க்க ஆரம்பித்தேன். இப்போது வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை வாங்குகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அம்புலிமாமா கணக்கு. பழசு வேறு, விலை வேறு. அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. பல மொழிகளில் வந்து வீட்டுக்கு வீடு போன பத்திரிகை. அதைக் கிழிக்க யாருக்கும் மனம் வராது, வருடக் கணக்கில் பைண்டு செய்து வைத்தார்கள், அதனால் இன்றும் நிறைய கிடைக்கிறது. 1962-ல் அதைப் படித்த பையனுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர் வீட்டில் இருப்பதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறாரே தவிர, புதிதாக வாங்கி அடுக்குவதில்லை. ஒரு வருடத்துப் பன்னிரண்டும் அட்டையோடு இருந்தால் ஓரளவு விலை உண்டு. உதிரி இதழ்களுக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். படங்களுக்காகவே வைத்துக்கொள்ளலாம், அது வேறு.

சரி, விலை கொடுப்பது யார்? 1984 ஜூலையில் ஒரே மாதத்தில் இரண்டு காமிக்ஸ் வந்தன. சிவகாசியிலிருந்து லயன், முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், முதல் இதழ் ஜேம்ஸ்பாண்டின் 'அழகியைத் தேடி', விலை ஒன்றரை ரூபாய். அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் அந்த ஒன்றரை ரூபாய்க்கு வழியில்லாமல் எங்கள் கடை வாசலில் நின்றவர்களுக்கு இன்று ஐம்பது சொச்சம் வயது. பிள்ளைகள் படிப்பு முடிந்தது, வீட்டுக் கடன் அடைந்தது, கையில் காசு இருக்கிறது. அந்த வயதில் கைக்கு எட்டாததை இப்போது வாங்குகிறார்கள். எங்கள் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பையன் இன்று கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கிறார். அவர் என்னிடம் பேரம் பேசியதே இல்லை.

அதனால்தான் முத்து காமிக்ஸுக்கு அவ்வளவு கிராக்கி. அது 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மாயாவி, சி.ஐ.டி. லாரன்ஸ், ஜானி நீரோ மூவரையும் வாசகர்கள் மும்மூர்த்திகள் என்பார்கள். உங்கள் பதினொன்றில் இவர்கள் கதை இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பிளைட் 731', 'மூளைத்திருடர்கள்', இந்தத் தலைப்புகளைக் கண்டால் நன்றாகப் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். ராணி காமிக்ஸிலும் ஒரு மாயாவி உண்டு, அவர் முகமூடி வீரர். ஆங்கிலத்தில் ஃபேண்டம். முத்துவில் இதே ஆள் வேதாளர். "மாயாவி காமிக்ஸ் விற்பனைக்கு" என்று மட்டும் போட்டால் எந்த மாயாவி என்று கேட்டே நூறு பேர் போன் செய்வார்கள்.

அடுத்தது மினி லயன், திகில், ஜூனியர் லயன். இவை எல்லாம் கொஞ்ச காலம் வந்து நின்றுபோனவை. ராணி 2005 வரை 500 இதழ் வந்தது, தேடினால் கிடைக்கும். நின்றுபோனது கிடைக்காது. மினி லயன் சின்னக் குழந்தைகளுக்கானது, அதனால் அதைக் கடித்தும் கிழித்தும் கிறுக்கியும் தீர்த்துவிட்டார்கள். அதையும் மீறிப் பிழைத்த மூன்று உங்களிடம் இருக்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழசாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2010-ல் லயன் 'இரத்தப் படலம்' பதினெட்டுப் பாகங்களையும் கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாகப் போட்டது, விலை 200 ரூபாய். அப்போது விட்டுவிட்டவர்கள் பிற்பாடு ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள். உங்கள் தாத்தாவின் 1962 அம்புலிமாமா அதன் பக்கத்தில் நிற்காது.

இப்போது நிலைமை பார்ப்பது. விலையில் பாதி இங்கேதான் போகும். முன் அட்டை, பின் அட்டை இரண்டும் இருக்கிறதா? நடுப்பக்கம் பின்னோடு நிற்கிறதா, கழன்று போயிருக்கிறதா? பக்க எண்களை ஒன்றுவிடாமல் எண்ணுங்கள். கதையின் கடைசித் தாள் கிழிந்த காமிக்ஸ் ஊரில் நிறைய உண்டு. முடிவைச் சொல்லிவிடுவேன் என்று தம்பியை மிரட்ட அண்ணன்மார் கிழித்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலேயே அந்த அக்கிரமம் நடந்தது. ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தால் எத்தனை பக்கம் ஊடுருவியிருக்கிறது என்று பாருங்கள். வாடகை நூலக முத்திரை, பேனாவில் எழுதிய பெயர், செலோ டேப், எல்லாமே கழிவுதான்.

இதில் எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். புதுப் புத்தகம் வந்தவுடன் அட்டையைக் கழற்றிவிடுவார். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து, தடித்த அட்டை போட்டு, முதுகுக்குத் துணி ஒட்டி, ஓரத்தைச் சீராக வெட்டிவிடுவார். நாற்பது பேர் கை மாறினாலும் தாங்கும். வியாபாரத்துக்கு அது சரி. ஆனால் அப்படிப் பைண்டு செய்ததைச் சேகரிப்பவர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார், உள்ளே பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும். தமிழ்நாட்டில் பழைய முத்து காமிக்ஸ் அட்டையோடு கிடைக்காமல் போனதற்கு எங்கள் தொழில் பெரிய காரணம்.

விலை என்று கேட்டால், நான் கொடுத்ததும் வாங்கியதும் மட்டும் சொல்கிறேன். ராணி காமிக்ஸ், பிற்காலத்து மாயாவி கதை என்றால் நூறு, நூற்றைம்பது. ஆரம்பகாலத்து ஜேம்ஸ்பாண்ட் நல்ல நிலைமையில் நானூறு வரை. மினி லயன் ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். எழுபதுகளின் முத்து காமிக்ஸ், மும்மூர்த்திகளில் ஒருவர், இரண்டு அட்டையும் சுத்தமாக இருந்தால் இரண்டாயிரத்துக்குக் குறைந்து நான் கொடுத்ததில்லை. அட்டை இல்லாவிட்டால் அதே புத்தகம் முந்நூறு. எனவே எட்டாயிரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதே சமயம் புது வீட்டுக்குக் கிரானைட் போட இது உதவும் என்றும் நினைக்காதீர்கள்.

எண்கணக்கு:

அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்தத் தலைப்பைப் படிக்கிற இன்னும் பத்துப் பேர் பரணில் ஏறுவார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938-ம் வருட ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், அன்று 10 சென்ட், 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் ஆட்கள் ராணி காமிக்ஸை இணையத்தில் ஐம்பதாயிரம் என்று போடுகிறார்கள். போட்ட விலை வேறு, போன விலை வேறு. வருடக்கணக்கில் அதே விளம்பரம் அப்படியே கிடக்கிறது.

அங்கே புத்தகத்தைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துச் சீல் வைத்துத் தரும் நிறுவனம் இருக்கிறது. ஏல நிறுவனம் இருக்கிறது. போன தடவை எவ்வளவுக்குப் போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் பேசி முடிப்பதுதான் விலை. அன்றைக்கு ஒருவருக்கு வீம்பு பிடித்தால் மூவாயிரம், ஆள் இல்லாவிட்டால் முந்நூறு.

இன்னொரு வித்தியாசம், சூப்பர்மேன் அங்கே பிறந்தார். நம் இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் வேலியன்ட் வார இதழில் 1962-ல் வந்தவர். அந்த ஒரிஜினல் ஆங்கில இதழ்களை அங்கே இன்றைக்கும் சில பவுண்டுகளுக்கு வாங்கலாம். நான் வாங்கியிருக்கிறேன். தபால் செலவு புத்தகத்தைவிட அதிகமாக வந்தது. அதே கதையின் தமிழ்ப் பதிப்புக்கு அதைவிட அதிகம் கொடுத்தேன். என் மனைவி காரணம் கேட்டார். சிவகாசியில் வரைந்த அந்த அட்டைக்கும், "ஆ… என் கை!" என்று அவர் தமிழில் அலறுவதற்கும்தான் காசு என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

இன்னொரு எச்சரிக்கை, கலர் ஜெராக்ஸ் அட்டை. உள்பக்கம் அசல், அட்டை மட்டும் நகல் எடுத்துப் பின் அடித்து முழு விலைக்கு விற்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அச்சில் வந்தது என்றால் வண்ணம் புள்ளி புள்ளியாக, பூ மாதிரி வட்டமாகத் தெரியும். பின்னில் துரு இருந்து, துரு பட்ட கறை அட்டையில் மட்டும் இல்லை என்றாலும் சந்தேகப்படலாம்.

கரவெட்டி:

நான் டொரோண்டோவில் இருந்து எழுதுகிறேன். விலை ஏன் ஏறுது என்றதில் எங்கட பங்கும் இருக்கு என்று சொல்லத்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்திலும் முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் வாசிச்சு வளர்ந்த ஆக்கள் நாங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அரிசியும் அடையாள அட்டையும்தான் கையில. புத்தகப் பெட்டியைக் கொண்டு போற ஆள் ஆரும் இல்லை. திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை.

இப்ப ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குகிறேன். சென்னையில் இருக்கிற சிநேகிதர் ஒருவர் வாங்கிச் சேர்த்து வைத்து, ஆரும் வரேக்க குடுத்து விடுவார். டொலர் கணக்கில் பார்த்தால் எங்களுக்கு அது பெரிய காசு இல்லை, அதனால நாங்கள் கேட்ட விலையைக் கொடுத்து விடுகிறோம். அங்க இருக்கிற சேகரிப்பாளர்கள் எங்களைத் திட்டுவதும் தெரியும். உங்கட அம்புலிமாமா கட்டு முழு வருடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு வேணும். அம்மாவுக்கு 78 வயது, அவ கேட்டவ.

சாத்தூரான்:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கரவெட்டி அண்ணன், அம்புலிமாமா கட்டு உங்கள் அம்மாவுக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். விலையெல்லாம் வேண்டாம். உங்கள் சிநேகிதர் முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

நேற்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். முத்து பதினொன்றில் மும்மூர்த்திகள் ஆறு. ராணியில் முதல் வருடத்து இதழ்கள் ஒன்பது. பாண்ட் கதைகளில் சில பெண்களின் படத்தின் மேல் யாரோ பிற்பாடு மை வைத்துச் சட்டை வரைந்த மாதிரி இருக்கிறது, சித்தப்பா வேலையோ என்று பயந்துபோனேன்.

சித்தப்பா வேலை வேறு இருக்கிறது. எல்லா லயனிலும் முதல் பக்கத்தில் பால் பாயிண்ட் பேனாவில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்: "ஒரு நாள் வாடகை 5 பைசா. மடக்கினால் 10 பைசா. தொலைத்தால் புத்தக விலையும் 1 ரூபாயும்." கீழே தெருப் பையன்கள் பெயர், தேதி, கொடுத்தது, பாக்கி. கோடை விடுமுறைக்குக் கடை நடத்தியிருக்கிறார். போனில் கேட்டதற்கு, அந்தக் காசில்தான் தீபாவளி மலர் வாங்கினேன் என்றார்.

இப்போது ஒரு சிக்கல். லேத் பட்டறைக்காரர் மறுபடி வந்தார். எட்டாயிரம் வேண்டாமாம், 'பிளைட் 731' மட்டும் கொடு என்கிறார். அது அவருடையதாம், ஏழாவது படிக்கும்போது சித்தப்பா இரவல் வாங்கித் திருப்பித் தரவே இல்லையாம். அதற்காகத்தான் மொத்தத்துக்கும் விலை கேட்டாராம். சித்தப்பாவோ, "அவன் எனக்கு பம்பரம் தரணும், அதுக்கு ஈடா எடுத்துக்கிட்டேன்" என்கிறார். அந்தப் புத்தகம்தான் பெட்டியிலேயே நல்ல நிலைமையில் இருப்பது. என்ன செய்ய?

நூலகத்து மகள்:

பாண்ட் பெண்களுக்கு மை வைத்தது உங்கள் சித்தப்பா இல்லை, பத்திரிகை ஓவியர்கள். கவலை வேண்டாம்.

பேனா எழுத்து கழிவுதான் என்று முன்பே சொன்னேன், அதில் மாற்றம் இல்லை. அழிக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள், செய்தித்தாள் காகிதம், ரப்பர் போட்டால் தோலோடு உரியும். லயன் இருபதையும் தனித்தனியாக விற்க அலையாமல் ஒரே கட்டாகக் கொடுங்கள். வாடகைப் பட்டியலோடு சேர்த்து வாங்குகிற ஆளும் இருக்கிறார், நானே அந்த ஆள். என் விலையைத் தனிச் செய்தியில் சொல்கிறேன். மற்றவர்களிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ராணி முதல் வருட இதழ்களையும் முத்து ஆறையும் மினி லயனையும் ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள், முன் அட்டை, பின் அட்டை, நடுப்பக்கம், கிழிசல் இருந்தால் அதுவும். குறையை மறைத்துப் படம் போட்டால் இந்த வட்டத்தில் அடுத்த தடவை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த மூன்று வகையையும் சேர்த்து ஒரே ஆளுக்குக் கொடுத்தால் நல்லது போகும், நைந்தது உங்களிடமே தங்கும். எனவே நைந்ததோடு கலந்து, பிரித்துக் கொடுங்கள். விற்கும்வரை பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கான்கிரீட் போடும் வீட்டில் ஈரம் ஏறும். வசம்புத் துண்டு நான்கு போட்டு வையுங்கள். லேமினேட் செய்யலாமா என்று யாராவது கேட்டால் அந்த ஆளைப் பெட்டி பக்கம் விடாதீர்கள்.

பட்டறைக்காரர் விஷயம். 'பிளைட் 731' உள்ளே அவர் பெயர் எங்காவது இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் பையன்கள் முதல் பக்கத்தில் எழுத மாட்டார்கள், இரவல் வாங்கியவன் பெயரை அழித்துவிடுவான் என்று உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தில், பெரும்பாலும் தங்கள் வகுப்பு எண்ணோ பிறந்த தேதியோ வரும் பக்கத்தில், சின்னதாகக் கையெழுத்துப் போட்டு வைப்பார்கள். எங்கள் அப்பா 17-ம் பக்கத்தில் ரகசிய முத்திரை குத்துவார். பெயர் இருந்தால் புத்தகம் அவருடையது, கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாயிரம் கேளுங்கள், பம்பரத்தைக் கழித்துக்கொண்டு.